முட்டுக்கட்டை போடுறது யாரு?

"எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம் மச்சி!" இந்த டயலாக்கை நம்பி உங்க காலேஜ்ல எதையாவது ஆரம்பிச்சிருக்கீங்களா பாஸ்? நாங்க ஆரம்பிச்சோம். அதுவும் சாதா கல்ச்சுரல்ஸ் இல்லை... இன்டர்நேஷனல் கான்ஃபரன்ஸ்!

டிரான்ஸ்போர்ட் டீம்ல அஞ்சு பேர். அதுல அடியேனும் ஒருத்தன். யாழ்ப்பாணத்துல இருந்து ஆராய்ச்சி மாணவி ஒருத்தங்க பேப்பர் வாசிக்க வர்றாங்க, விடியற்காலைல தேவனஹள்ளி ஏர்போர்ட்ல இறங்குறாங்கன்னு குரூப்ல மெசேஜ் வந்துச்சு. அஞ்சு பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினோம். போனது யாரு? யாருமே இல்லை! அவன் போவான்னு நான் நினைக்க, நான் போவேன்னு அவன் நினைக்க...

ஏர்போர்ட் பெங்களூருக்கு அந்தக் கோடி, நம்ம ஓசூர் இந்தக் கோடி. பாவம், விசாரிச்சு விசாரிச்சு பஸ் மாறி வந்து சேர்ந்தாங்க அந்த அக்கா. வந்து பார்த்தா, நிகழ்ச்சி நிரல்ல அவங்க பேரே இல்லை! ரெஜிஸ்ட்ரேஷன் டீம்கிட்ட ஒரு லிஸ்ட், பேப்பர் டீம்கிட்ட வேற லிஸ்ட். கடைசில பாதி ஹால் சாப்பாட்டுக்குக் கிளம்பின நேரத்துல பத்து நிமிஷம் ஒதுக்கினாங்க. வாசிச்சு முடிச்சு இறங்கினவங்ககிட்ட 'ஸாரி' சொன்னேன். "பரவாயில்லை தம்பி. இந்த டிக்கெட் ஒரு வருசம் சேர்த்த காசு"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தாகூட தேவலாம் போலிருந்துச்சு.

எங்க தேன்கனிக்கோட்டைல பேட்டராய சுவாமி தேர் ஓடும்போது கவனிச்சிருக்கேன். வடம் பிடிக்க ஊரே ஓடி வரும். ஆனா, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுற ஆள் யாருன்னு முன்கூட்டியே முடிவாயிருக்கும். அந்த வேலையை 'எல்லாரும் பார்த்துக்கலாம்'னு விட்டா என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க.

பெரிய அமைப்புகள் இதை எப்படிச் சமாளிக்குதுன்னு தேடினேன். 1963-ல உருவான ஐ.ட்ரிபிள்.ஈ.யோட கான்ஃபரன்ஸ்களைப் பாருங்க. பொதுத் தலைவர், கட்டுரைத் தேர்வுக்கு ஒருத்தர், பணத்துக்கு ஒருத்தர், வெளியீட்டுக்கு ஒருத்தர், உள்ளூர் ஏற்பாட்டுக்கு ஒருத்தர்னு வேலைகள் தனித்தனி. வரவு செலவுல பங்கே இல்லாம, கட்டுரைகளோட தரத்துக்கு மட்டும் துணை நிற்கிற ஏற்பாடும் அவங்ககிட்ட உண்டு. ஏன் இப்படிப் பிரிக்கணும்? ஃபீஸ் வசூலிக்கிற கையே பேப்பரையும் செலக்ட் பண்ணினா, பணம் கட்டினவன் எழுதினது எல்லாமே 'சூப்பர் பேப்பர்' ஆகிடும். நம்ம பசங்களை வளைச்சுப் பிடிக்கிற டுபாக்கூர் கான்ஃபரன்ஸ்களோட சூட்சுமமே அதுதான்!

நம்ம தமிழ்லயே உதாரணம் இருக்கு. தனிநாயகம் அடிகள் முயற்சியில 1964-ல டெல்லியில தொடங்கினது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம். முதல் மாநாடு 1966-ல கோலாலம்பூர்ல. 2009-ல தமிழக அரசு, அடுத்த மாநாட்டைக் கோவையில நடத்தப் போறதா அறிவிச்சது. மன்றத்தோட தலைவரா இருந்த ஜப்பான் வரலாற்று அறிஞர் நொபொரு கராஷிமா, 'ஆய்வு மாநாட்டுக்கு இந்த அவகாசம் போதாது, குறைஞ்சது ஒரு வருஷம் வேணும்'னார். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில நடந்தது உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு. மன்றத்தோட மாநாடா இல்லாம, அரசோட தனி மாநாடாவே நடந்துச்சு. யார் பக்கம் நியாயம்னு பட்டிமன்றம் நடத்த நான் வரலை. இடம், பணம், ஆள் பலம் எல்லாம் ஒருத்தர்கிட்ட இருந்தாலும், 'தரத்துக்கு நேரம் போதாது'னு சொல்ற பொறுப்பு இன்னொருத்தர்கிட்ட இருந்துச்சு பாருங்க... அதுதான் நான் சொன்ன முட்டுக்கட்டை!

அதே நாட்கள்ல, அதே கோவையில, உத்தமம் அமைப்போட தமிழ் இணைய மாநாடும் நடந்துச்சு. 2012-ல சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 2017-ல டொரொன்டோன்னு அவங்களுக்கு மாநாட்டுக்கு மாநாடு ஊர் மாறும். பந்தல் போடுறவங்க மாறினாலும் அமைப்பு அதேதான்.

சரி, அடுத்த தடவை நீங்க நடத்துறப்போ நோட் பண்ணிக்கோங்க:

ஒரு வேலைக்கு ஒரே ஒரு பேர். அவருக்கு ஜுரம் வந்தா பார்த்துக்க இன்னொரு பேர். மூணாவது பேர் எழுதினா வேலை அம்போ!

பேப்பர் செலக்‌ஷன் வேற, கல்லாப்பெட்டி வேற.

எல்லா டீமுக்கும் ஒரே லிஸ்ட். அதைத் திருத்துற உரிமை ஒருத்தருக்கு மட்டும்.

'முடியாது, நாள் போதாது'னு சொல்ல ஒருத்தருக்கு அதிகாரம் கொடுங்க. அவர் சொன்னா ஹெச்.ஓ.டி.யும் கேட்கணும்!

இந்த வருஷ கான்ஃபரன்ஸுக்கு வேலை பிரிச்சாச்சு. ஏர்போர்ட்டுக்கு நேரா ஒரே பேர்தான் இருக்கு. என் பேர். நானே கேட்டு வாங்கினேன். அலாரம் மூணு வெச்சிருக்கேன் பாஸ்!