ஒரே வருஷத்துல ரெண்டு உலகக் கோப்பை: கபடி யாருக்கு?

போன பொங்கலுக்கு, நம்ம கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்து ஊர்ல ராத்திரி கபடி மேட்ச். ஃபோகஸ் லைட், சுண்ணாம்புக் கோடு, கரகரன்னு மைக் செட். ஒரு பக்கம் உள்ளூர்ப் பசங்க. எதிர்ப்பக்கம் நகரியில இருந்து டாடா ஏஸ்ல வந்து இறங்கின டீம். கடைசி மூணு நிமிஷம், ஸ்கோர் சமம். நகரி பையன் பாடி வந்தான். யாரையும் தொடல. பிடியில இருந்து தப்பிக்கப் போய், லாபிக்குள்ள காலை வெச்சுட்டான். அவனைத் துரத்திட்டு நம்ம பசங்க மூணு பேரும் லாபிக்குள்ள இறங்கிட்டாங்க.

ரைடர் அவுட். அதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. நம்ம மூணு பேர்? "அவங்களும் அவுட்டு"ன்னு அவங்க தெலுங்குல கத்த, "டிவியில அப்படி இல்லையே"ன்னு நம்ம ஆளுங்க தமிழ்ல கத்த, அரை மணி நேரம் ஆட்டம் நின்னுச்சு. கடைசியில ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து, "சரி விடுங்கப்பா, அந்த ரைடை மறுபடி ஆடுங்க"ன்னு முடிச்சு வெச்சார்.

சிரிக்காதீங்க. இதே சண்டை ஆசிய விளையாட்டுப் போட்டி ஃபைனல்லயும் நடந்திருக்கு. 2023 அக்டோபர், சீனாவின் ஹாங்சோ நகரம். இந்தியா, ஈரான் 28-28. முடிய ரெண்டு நிமிஷம்கூட இல்ல. பவன் ஷெராவத் ரைடு போய், யாரையும் தொடாம லாபிக்குள்ள போயிட்டார். ஈரான் வீரர்கள் பின்னாடியே இறங்கிட்டாங்க. சர்வதேசக் கூட்டமைப்போட பழைய விதிப்படி, பின்னாடி இறங்கினவங்களும் அவுட். புரோ கபடி லீக்ல மாத்தி எழுதின விதிப்படி, ரைடர் மட்டும்தான் அவுட். நடுவர்கள் தீர்ப்பை மாத்தி மாத்திச் சொல்ல, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆட்டம் நின்னுச்சு. கடைசியில 33-29ன்னு தங்கம் இந்தியாவுக்கு வந்துச்சு. ஆனா அந்த ஒரு மணி நேரத்தை டிவியில பார்த்த வெளிநாட்டுக்காரன், "இந்த விளையாட்டுக்கு விதின்னு ஒண்ணு இருக்கா?"ன்னு கேட்டிருந்தா நம்மகிட்ட பதில் இல்ல.

நம்ம ஊர்ல யார்கிட்டயும் ரூல் புக் இல்ல, அதனால சண்டை. அங்க ரெண்டு ரூல் புக் இருந்துச்சு, அதனால சண்டை. இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது சண்டையைப் பத்தினது.

கால்பந்து வீட்டின் பாகப்பிரிவினை

இதை நமக்கு முன்னாடியே பட்டு அனுபவிச்சது கால்பந்து. "ஃபுட்பால்"னு சொன்னா நமக்கு மெஸ்ஸி, ரொனால்டோ. அமெரிக்காக்காரனுக்கு ஹெல்மெட் போட்டு மோதுற ஆட்டம். மெல்போர்ன்காரனுக்கு முட்டை வடிவப் பந்தை நீள்வட்ட மைதானத்துல உதைக்கிற ஆட்டம். அயர்லாந்துக்காரனுக்கு கேலிக் ஃபுட்பால். எல்லாம் ஒரே குடும்பத்துல பிரிஞ்ச கிளைகள்தான்.

1863-ல லண்டன்ல சில கிளப்புகள் கூடி ஒரு சங்கம் அமைச்சு, கையால பந்தைத் தூக்கிட்டு ஓடக் கூடாதுன்னு விதி எழுதினாங்க. ஒத்துக்காதவங்க பிரிஞ்சு போய் 1871-ல ரக்பி யூனியனைத் தொடங்கினாங்க. அந்த ரக்பியும் 1895-ல ரெண்டா உடைஞ்சது. இந்த உடைசல்தான் நாம கவனிக்க வேண்டியது.

வடக்கு இங்கிலாந்துல ரக்பி ஆடினவங்க சுரங்கத் தொழிலாளிங்க, மில் தொழிலாளிங்க. சனிக்கிழமை மேட்சுக்குப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. "போன கூலியையாவது கொடுங்க"ன்னு கிளப்புகள் கேட்டுச்சு. லண்டன்ல இருந்த கனவான்கள், "காசு வாங்கினா அது விளையாட்டே இல்ல"ன்னு மறுத்துட்டாங்க. 1895 ஆகஸ்ட்ல ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டல்ல வடக்கத்திக் கிளப்புகள் கூடி, தனியாப் போறோம்னு முடிவு பண்ணினாங்க. அதுதான் இன்னைக்கு ரக்பி லீக். அப்புறம் 13 பேர் ஆட்டமா மாறிடுச்சு. பழைய வீடு 15 பேரோட ரக்பி யூனியனாவே இருந்துடுச்சு. லீக் பக்கம் போனவனுக்கு யூனியன் பக்கம் வாழ்நாள் தடை.

நியாயம் யார் பக்கம்? என்னைக் கேட்டா, சந்தேகமே இல்லாம தொழிலாளி பக்கம். ஆனா உலகம் முழுக்கப் பரவினது யார்? கனவான்களோட யூனியன். 2023 உலகக் கோப்பையில 20 நாடுகள் ஆடுச்சு. அதோட எழுவர் ஆட்டம் 2016-ல ஒலிம்பிக்ல நுழைஞ்சது. 2025-ல மும்பையில நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை ஜெயிச்சது யார் தெரியுமா? சென்னை புல்ஸ்! நம்ம ஊர்ப் பேர்ல ஒரு ரக்பி டீம் வர்ற அளவுக்கு யூனியனோட கை நீண்டிருக்கு. ரக்பி லீக்கோ வடக்கு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பப்புவா நியூ கினி மாதிரி சில இடங்கள்லதான் உயிரோட இருக்கு. 2025-ல நடக்க வேண்டிய அதோட உலகக் கோப்பையை, பணம் கட்டுப்படியாகாதுன்னு பிரான்ஸ் கைவிட்டுச்சு. அது 2026-க்குத் தள்ளிப்போய் ஆஸ்திரேலியாவுக்கு மாறிடுச்சு.

இதுல இருக்குற பெரிய கொடுமை என்னன்னா, 1995-ல யூனியனே "சரி, ஆடுறவங்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம்"னு ஒத்துக்கிச்சு. சரியா நூறு வருஷம் கழிச்சு! அதை 1895-லயே கொடுத்திருந்தா வீடு உடைஞ்சிருக்காது.

இந்த ரெண்டையும் தாண்டி ஜெயிச்சது நம்ம சாதாரண கால்பந்து. 1904-ல ஃபிஃபா. இன்னைக்கு 211 உறுப்பு நாடுகள். 17 விதி, ஒரே புத்தகம். திருத்தணியில ஆஃப்சைடுன்னா பிரேசில்லயும் அது ஆஃப்சைடுதான்.

நம்ம கபடிக்கு எத்தனை வீடு?

இப்போ கபடிக்கு வருவோம். நாம சடுகுடுன்னு ஆடினதை மகாராஷ்டிரத்துல சஞ்சீவனி, காமினி, அமர்னு மூணு விதமா ஆடினாங்க. அவுட் ஆனவன் திரும்ப உள்ள வரலாமா கூடாதாங்கிறதுலதான் வித்தியாசமே. 1950-ல அகில இந்தியக் கூட்டமைப்பு வந்த பிறகு ஆட்டம் மெல்ல ஒரு வடிவத்துக்கு வந்துச்சு. அப்படி ஒண்ணா நின்னதாலதான் 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில பதக்க ஆட்டமா நுழைய முடிஞ்சது. 'பைசன்' படம் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பின்னாடி இருக்குற நிஜ வீரர் மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமாவுல தங்கம் வாங்கினார்னா, அந்த மேடை இருந்ததாலதான்.

பஞ்சாப்ல இன்னொரு கிளை, வட்டக் கபடி. வட்ட மைதானம், ஒருத்தனுக்கு ஒருத்தன் மோதல், மல்யுத்தம் மாதிரி. கனடா, இங்கிலாந்துன்னு பஞ்சாபிகள் போன இடமெல்லாம் அதுவும் போச்சு. 2010-ல பஞ்சாப் அரசு அதுக்கு ஒரு உலகக் கோப்பை நடத்துச்சு. 2020-ல லாகூர்ல நடந்த வட்டக் கபடி உலகக் கோப்பைக்கு "இந்தியா"ன்னு பேர் போட்ட ஒரு டீம் போச்சு. நாங்க யாரையும் அனுப்பலன்னு இங்க இருக்குற கூட்டமைப்பு சொல்லிடுச்சு. ஃபைனல்ல பாகிஸ்தான்கிட்ட தோத்தது எந்த இந்தியா? யாருக்கும் தெரியாது.

அது வேற பாணி, போகட்டும். நம்ம செவ்வக ஆட்டத்துக்குள்ளயே இப்போ ரெண்டு உலக அமைப்பு. 2025 மார்ச்ல இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் பக்கம் ஒரு உலகக் கோப்பை, "வேர்ல்ட் கபடி"ங்கிற அமைப்பு நடத்தினது. ஆசியாவுக்கு வெளியே நடந்த முதல் கோப்பைன்னு சொன்னாங்க. ஜெயிச்சது இந்தியா. அதே வருஷம் நவம்பர்ல டாக்காவுல பெண்கள் உலகக் கோப்பை, 2004-ல தொடங்கின சர்வதேச கபடிக் கூட்டமைப்பு நடத்தினது. சீன தைபேயை ஜெயிச்சதும் இந்தியா. ரெண்டு கோப்பையும் நம்ம வீட்டு அலமாரியிலதான் இருக்கு, ஆனா ரெண்டுலயும் ஆடினது வேற வேற இந்தியா. ஒரு டீமை இன்னொரு வீட்டுக்காரங்க கணக்குலயே எடுத்துக்க மாட்டாங்க.

லீக்கும் அப்படித்தான். 2014-ல எட்டு டீமோட புரோ கபடி வந்துச்சு. 2017-ல தமிழ் தலைவாஸ் உட்பட நாலு டீம் சேர்ந்து பன்னிரண்டாச்சு. 2019-ல நியூ கபடி ஃபெடரேஷன்னு ஒண்ணு வந்து போட்டி லீக் நடத்துச்சு. சென்னை சேலஞ்சர்ஸ்னு டீம்கூட இருந்துச்சு. இன்னைக்கு உங்க வகுப்புல எத்தனை பேருக்கு அந்தப் பேர் ஞாபகம் இருக்கு?

உடைஞ்சா யாருக்கு வலி?

"போட்டி இருந்தா நல்லதுதானே? ரெண்டு லீக் இருந்தா ரெண்டு மடங்கு வேலைதானே?"ன்னு ஹாஸ்டல்ல ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. 1895-ல நான் இருந்திருந்தா நானும் பிரிஞ்சு போறவங்க பக்கம்தான் நின்னிருப்பேன்.

ஆனா ஒரு சோதனை வெச்சுப் பாருங்க. அந்தப் பிரிவினை ஆடுறவன் கூலிக்காக நடந்தது. நம்ம பிரிவினைகள் எதுக்காக? பெரும்பாலும் நாற்காலிக்காக. இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பு ஒரே குடும்பத்தோட கையில இருக்குன்னு வழக்குப் போய், 2018-ல டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிச்சது. தேர்ந்தெடுத்த நிர்வாகம் பொறுப்புல இல்லன்னு சொல்லி, 2024-ல சர்வதேசக் கூட்டமைப்பு இந்தியாவையே இடைநீக்கம் பண்ணிடுச்சு. கபடி பிறந்த நாட்டுக்கே கபடியில தடை! 2025 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் தலையிட்டு வழி திறந்து விட்டதாலதான் நம்ம பெண்கள் தெஹ்ரான்ல ஆசிய சாம்பியன்ஷிப் ஆடி ஜெயிச்சாங்க. அந்த இடைவெளியில, இருபத்திரண்டு வயசுல உச்சத்துல இருந்த ஒரு ரைடர் இழந்த மாசங்களை யார் திருப்பிக் கொடுப்பா?

கிரிக்கெட்ல இதைப் பார்த்தோம். 2007-ல ஐசிஎல் வந்தப்போ அதோட முதல் கோப்பையை ஜெயிச்சது சென்னை சூப்பர்ஸ்டார்ஸ். அங்க ஆடினவங்களுக்கு கிரிக்கெட் வாரியம் கதவைச் சாத்துச்சு. அம்பத்தி ராயுடு மாதிரி ஆட்கள் 2009-ல மன்னிப்பு கிடைச்ச பிறகுதான் திரும்பி வர முடிஞ்சது. சண்டை ரெண்டு பணக்கார அமைப்புக்கு, தண்டனை ஆடினவனுக்கு.

நம்ம லெவல்ல இது இன்னும் நேரடியா வலிக்கும். நம்ம காலேஜ் கபடி டீம்ல பாதிப் பேர் விளையாட்டு ஒதுக்கீட்டுக் கனவோடதான் மேட்ல இறங்குறாங்க. பொறியியல் கலந்தாய்வுல சீட்டு, அரசு வேலையில 3 சதவீதம், ரயில்வே, போலீஸ். எல்லாத்துக்கும் ஒரு காகிதம் வேணும், அதுல அங்கீகாரம் பெற்ற சங்கத்தோட கையெழுத்து வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன் வெளி மாநிலத்துல நடந்த "தேசிய" போட்டிக்கு, கூலி வேலைக்குப் போற அம்மாகிட்ட காசு வாங்கிட்டுப் போனார். மெடல் வாங்கினார். சான்றிதழ் சரிபார்ப்புல, "இந்தச் சங்கம் பட்டியல்ல இல்லப்பா"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அவர் போட்ட பிடி உண்மை. தோள்பட்டையில இருக்குற தழும்பு உண்மை. கையெழுத்து மட்டும் தப்பு வீட்டோடது.

அப்போ என்ன பண்ணணும்?

வட்டக் கபடியை ஒழிக்கணும்னு நான் சொல்லல. மண்ணுல ஆடுறதை நிறுத்தி எல்லாரும் மேட்ல ஆடுங்கன்னும் சொல்லல. பதினைந்து பேர் ஆட்டமும் எழுவர் ஆட்டமும் ஒரே ரக்பி கூரைக்குக் கீழ இருக்கு. அந்த மாதிரி வட்டம், செவ்வகம், கடற்கரைக் கபடி எல்லாம் ஒரே கூரைக்குள்ள இருக்கட்டும். பாணி பல இருக்கலாம். ஆனா ஒவ்வொரு பாணிக்கும் ஒரே ரூல் புக், எல்லாத்துக்கும் ஒரே கூரை. ஒலிம்பிக் கமிட்டியும் ஒரு விளையாட்டுக்கு ஒரு உலக அமைப்பைத்தான் அங்கீகரிக்கும். 2036 ஒலிம்பிக்கை அகமதாபாத்துக்குக் கொண்டு வரணும், அதுல கபடி இருக்கணும்னு பேசுறோம். ரெண்டு வீட்டுல இருந்து ரெண்டு பத்திரிகை வெச்சா எந்தக் கல்யாணத்துக்குப் போவாங்க?

கபடி உண்மையிலேயே பரவினது எப்படின்னும் பாருங்க. 2016 உலகக் கோப்பையில கொரியா நம்மளை 34-32-ன்னு சாய்ச்சப்போ, அவங்க நட்சத்திரம் ஜாங் குன் லீ புரோ கபடியில வளர்ந்தவர். 2018 ஜகார்த்தாவுல நம்ம பெண்களைத் தோற்கடிச்ச ஈரான் டீமுக்குக் கோச், நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின். நாம தோத்ததுல வருத்தம்தான். ஆனா அந்த ரெண்டு தோல்வியும், புதுசா அடிச்ச பத்துக் கோப்பையைவிடக் கபடிக்கு அதிகம் பண்ணுச்சு. ஒரு கோச் போய்ச் சொல்லிக் கொடுக்கணும், ஒரு ஆட்டக்காரன் சம்பளம் வாங்கி ஆடணும். பரவுறதுன்னா அவ்வளவுதான்.

பெரிய அமைப்புகளை நாம மாத்த முடியாது. நம்ம கையில இருக்குறதைச் செய்யலாம். அடுத்த தடவை நம்ம காலேஜ் டோர்னமென்ட் நடத்தும்போது, எந்த விதிப்படி ஆடுறோம்னு ஒரு பக்கம் தமிழ்லயும் தெலுங்குலயும் அடிச்சு ரெண்டு கேப்டன் கையிலயும் கொடுங்க. லாபி, போனஸ், டை-பிரேக்கர், இந்த மூணை எழுதினாலே பாதிச் சண்டை தீரும். "தேசியப் போட்டி"ன்னு யாராவது நுழைவுக் கட்டணம் கேட்டா, கட்டுறதுக்கு முன்னாடி அந்தச் சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கான்னு உடற்கல்வி ஆசிரியர்கிட்ட கேளுங்க. ஜூனியர்களுக்கும் சொல்லுங்க.

கண்ணகி நகர்ல இருந்து கிளம்பின கார்த்திகா 2025-ல பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில தங்கத்தோட வந்தப்போ நாம எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டோம். அந்தப் பொண்ணு வளர்ந்து உலகக் கோப்பைக்குப் போகும்போது, "எந்த உலகக் கோப்பை?"ன்னு யாரும் கேட்கக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.