கிலோவும் பேரும் நம் கையிலும்

சப்ரகமுவ தோட்டங்களில் பிறந்து கணினி படிக்கப் போன பிள்ளைகள் நாங்கள். தெரணியகலை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, பலாங்கொடை என்று ஊர்கள் வேறு, லயம் ஒன்றுதான். படித்ததைக் கொண்டு முதலில் கைவைக்க வேண்டிய இடம் கணக்கு என்று முடிவெடுத்திருக்கிறோம்.

கொழுந்து நிறுக்கும் தராசு தோட்டத்துடையது. சாக்குக்கும் தண்ணிக்கும் எத்தனை கிலோ கழிப்பது என்பதும் தோட்டத்தின் முடிவு. செக்ரோல் பதிவேட்டில் முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேரா, பாதிக்கு அரைப்பேரா என்று எழுதும் பேனாவும் அங்கேதான். இறப்பர் மலையில் சிக்கல் இன்னும் அதிகம். எத்தனை லீட்டர் பால் என்று வெட்டியவருக்குத் தெரியும். மெட்ரோலாக் என்ற அளவுகருவியைப் பாலில் மிதக்கவிட்டு அதில் இறப்பர் எவ்வளவு என்று சொல்பவர் வேறொருவர். மாத முடிவில் வரும் சம்பளச் சீட்டை ஒப்பிட்டுப் பார்க்க அம்மாவிடம் இருப்பது ஞாபகம் மட்டும்.

2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை குறித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் பிடிப்பது 8 வீதம், அந்தச் சம்பளத்துக்கு 108 ரூபாய். கம்பனி 12 வீதம், 162 ரூபாய் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி இன்னும் 3 வீதம். ஒரு நாள் அரைப்பேரானால் இந்தக் காசும் கூடவே குறைகிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, நிதிப் பதிவில் வேறொன்று என்று தெரியவருகிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்தப் பெயரைத் திருத்தச் சிங்களப் படிவத்தோடு கந்தோர் வாசலில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இன்று தொடங்குகிறோம். நிறுத்த கிலோ, கழித்த கிலோ, பேர், பிடிப்பு எல்லாவற்றையும் தொழிலாளியே அன்றன்று பதிந்துகொள்ளும் செயலி எங்கள் முதல் வேலை. எழுத வராதவர் தமிழில் சொன்னால் பதிந்துகொள்ளும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடையாது, ஆகவே இணைப்பில்லாமலே இயங்கும். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பெரும்பாலும் ஆண் கையில். ஆகவே ஒரே போனில் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு. மனைவியின் கணக்கைப் புருஷன் திறக்க முடியாது. சில அண்ணன்மாருக்கு மனவருத்தம் வரும், வரட்டும்.

பதிவு தொழிலாளிக்கே சொந்தம். தோட்ட நிர்வாகத்துக்குக் கிடையாது, தொழிற்சங்கத்துக்கும் கிடையாது, நுண்கடன் கம்பனிக்கு அறவே கிடையாது. கிலோக் கணக்கு அகப்பட்டால் எந்த லயத்தில் யார் தலையில் எவ்வளவு கடன் கட்டலாம் என்று நாளைக்கே அளந்துவிடுவார்கள். நிரலை மட்டும் எல்லோருக்கும் திறந்து வைப்போம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கைத் தொண்டர்கள் எழுதிய சஹானா மென்பொருளும் அப்படித் திறந்தே இருந்தது; 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது அது அங்கே உதவிக்குப் போனது.

செயலி சம்பளத்தைக் கூட்டாது. பேரம் பேசுகிறவர்கள் பேசட்டும். மேசையில் வைக்க இனிமேல் தொழிலாளியின் கணக்கும் இருக்கும், அவர் விரும்பிக் கொடுத்தால்.

முதல் வடிவம் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்துக்குத்தான் வரும். கொழுந்தெடுப்பவர்களும் பால்வெட்டுபவர்களும் உதவாது என்று சொன்னால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவோம். எங்களோடு சேர வரும் மாணவருக்கு ஒரே நிபந்தனை: ஒரு வரி நிரல் எழுதுமுன் ஒரு முழு நாள் தராசடியில் நிற்க வேண்டும்.