வெல்லும்போதே கேட்டுவிடுங்கள்

துர்க்மெனிஸ்தான் 6, தாய்லாந்து 3, இலங்கை 3, சீன தாய்பே 0. பதுளை பஸ் நிலையத்தை ஒட்டிய தேத்தண்ணிக் கடைகளில் உதைபந்தாட்டம் பேசுகிற நாலு பேர் சேர்ந்தால் போதும், இந்தக் கணக்கைத்தான் ஒப்பிக்கிறார்கள். 2027 ஆசியக் கிண்ணத்துக்கான கடைசிக் கட்டத் தகுதிகாண் சுற்றில் நமது பிரிவின் 2025 ஜூன் மாதப் புள்ளிகள் அவை. மார்ச் மாதம் பாங்கொக்கில் தாய்லாந்திடம் ஒரே ஒரு கோலால் தோற்றோம். ஜூன் 10ஆம் திகதி, பொசன் போயா தினத்தில், கொழும்பில் சீன தாய்பேயை 3-1 என்று வென்றோம். அதே நாளில் துர்க்மெனிஸ்தான் தாய்லாந்தை 3-1 என்று சாய்த்துவிட, தரவரிசையில் நம்மைவிட ஏறத்தாழ நூறு படி மேலே நிற்கும் தாய்லாந்தும் நாமும் இப்போது சமப் புள்ளி.

கோல் வித்தியாசத்தில் நாமே மேல் என்று ஒரு கட்சி. சமப் புள்ளி வந்தால் ஆசியச் சம்மேளனம் முதலில் பார்ப்பது நேருக்கு நேர் மோதிய முடிவை, அதனால் தாய்லாந்துதான் மேல் என்று மறு கட்சி. மறு கட்சி சொல்வதுதான் சரி. ஆனால் இலங்கை உதைபந்தாட்ட அணியின் சமநிலை முறிப்பு விதியைப் பற்றி நமது ஊரில் குரலை உயர்த்திச் சண்டை பிடிக்கிறார்களே, அதைக் கேட்கவே காதுக்கு இனிமையாக இருக்கிறது. எட்டுக் கோல் வாங்கினோமா, ஐந்தோடு விட்டார்களா என்பதுதான் இதுவரை நமது வழக்கமான விசாரணை.

ஆனாலும் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஹாலிஎலவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், பழைய உதைபந்தாட்டப் பைத்தியம், என்னிடம் சொன்னார்: "சந்தோஷமா இருங்க தம்பி, வேணாங்கல. ஆனா இப்பவே பட்டாசு வாங்கி வெச்சுறாதீங்க. ஒக்டோபர் மழையில நமத்துப் போகும்." ஒக்டோபரில்தான் துர்க்மெனிஸ்தானுடன் இரண்டு ஆட்டங்கள், ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நவம்பரில் தாய்லாந்து கொழும்புக்கு வருகிறது. ஆறு பிரிவுகளிலும் முதலிடம் பெறும் அணிக்கு மட்டுமே சவூதி அரேபியாவுக்குச் சீட்டு. இரண்டாம் இடத்துக்கு ஆறுதல் பரிசு கிடையாது. இலங்கை இதுவரை ஒரு தடவைகூட ஆசியக் கிண்ணத்தில் ஆடியதில்லை.

அண்ணனின் எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. 2019இல் உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில் மக்காவோவிடம் முதல் ஆட்டத்தில் தோற்றோம். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அவர்கள் கொழும்புக்கு வர மறுத்ததால் மறு ஆட்டம் நமக்கென்று தீர்ப்பானது. ஒரு கோலும் அடிக்காமல் அடுத்த சுற்றுக்குப் போனோம். போன இடத்தில் தென் கொரியா எட்டுக் கோல் போட்டது. 2021இல் லெபனானுக்கு எதிராக, பெர்லினில் பிறந்த வசீம் ராசிக் இரண்டு கோல் அடித்தும் 3-2 என்று தோல்வி. அதே ஆண்டு தெற்காசியப் போட்டியில் இந்தியாவை 0-0 என்று மறித்தோம். அடுத்த மாதம் கொழும்பில் நடந்த நாலு நாடுகள் தொடரின் இறுதி ஆட்டம் வரை வந்து, சீஷெல்ஸிடம் பெனல்டியில் கிண்ணத்தைக் கொடுத்தோம். சரி, ஏதோ முளை விடுகிறது என்று ரசிகர்கள் நினைத்தார்கள். 2023 ஜனவரியில் சம்மேளனத்தையே பீபா இடைநிறுத்தியது. ஓகஸ்டில் தடை நீங்கும்வரை இந்த நாட்டுக்கு சர்வதேச உதைபந்தாட்டமே இல்லை. தரவரிசையில் 207ஆம் இடம். அதற்குக் கீழே இருந்த நாடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த அவதானம் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. காலையில் மலை ஏறியதும் கொழுந்து தளதளவென்று கைக்கு வரலாம், பத்து மணிக்கே கூடை கனக்கலாம். ஆனால் அது முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா, என்று சொல்வது அந்தியில் தொங்கும் தராசு. இரண்டு ஆட்டம் முடிந்த நிலையில் நமது அணியும் பத்து மணிக் கூடைதான்.

சரி, கூடை எப்படிக் கனத்தது? 2024 செப்டெம்பரில் கம்போடியாவுடன் நடந்த தகுதிச் சுற்றில் முதல் ஆட்டம் 0-0, இரண்டாவது 2-2. பிறகு பெனல்டியில் வென்றுதான் இந்தப் பிரிவுக்குள்ளேயே வந்தோம். பயிற்றுநர் குவைத்தைச் சேர்ந்த அப்துல்லா அல் முதைரி. நேபாளத்தை 2021 தெற்காசியப் போட்டியின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ஆட்டக்காரர்களின் பிறப்பிடம். ஜெர்மனியில் பிறந்து ட்ரெஸ்டன் கழகத்துக்கு ஆடும் கிளோடியோ கம்மர்க்னெக்ட், லண்டனில் வளர்ந்த டிலன் டி சில்வா, சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த பரத் சுரேஷ். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் சின்ன வயதிலேயே ஒழுங்கான புல்தரையில், ஒழுங்கான பயிற்சியில் வளர்ந்த கால்கள் இவை. போர்க்காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் இங்கிருந்து போன குடும்பங்களின் பிள்ளைகள், பாட்டன் பாட்டி ஊரின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட வருகிறார்கள்.

இதில் சிலருக்கு முகம் சுளிக்கிறது. "இது நம்ம டீமா, வாடகைக்கு எடுத்த டீமா?" என்று கேட்கிறார்கள். சிங்களமோ தமிழோ சரளமாகப் பேசாதவன் தேசிய கீதத்துக்கு எப்படி வாயசைப்பான் என்று கிண்டல் வேறு. மலையகத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நமது பாட்டன்மாரிடம் கேட்டதும் இதே கேள்வியைத்தான். நீ எங்கே பிறந்தாய், உன் அப்பன் எங்கே பிறந்தான், அத்தாட்சி எங்கே? இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் கொழுந்து பறித்தவர்களை நாடற்றவர்கள் என்று எழுதிவைத்தார்கள். அதன் மிச்சத்தைத் துடைத்தெறிய 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருந்தோம். பிறந்த இடத்தைக் காட்டி ஒருவனை வெளியாள் என்று சொல்வது என்ன என்பதை அனுபவித்தவர்கள், அதையே ஒரு உதைபந்தாட்டக்காரனுக்குச் செய்யலாமா? சுவீடனில் வளர்ந்தவன் இந்தச் சட்டையைப் போட ஆசைப்படுகிறான் என்றால் எனக்கு அது போதும். வரட்டும், ஆடட்டும்.

என் பயம் வேறு இடத்தில். வெளியிலிருந்து வந்த கால்கள் ஒரு அணிக்கு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். அந்த அவகாசத்தில் உள்ளே என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிலிப்பைன்ஸைப் பாருங்கள். 2010இல், ஐரோப்பாவில் வளர்ந்த பிலிப்பைன்ஸ் வம்சாவளி இளைஞர்கள் பலரைக் கொண்ட அணி, தென்கிழக்காசியச் சம்பியனாக இருந்த வியட்நாமை அதன் தலைநகரிலேயே 2-0 என்று தோற்கடித்தது. கூடைப்பந்து பைத்தியம் பிடித்த நாடு ஒரே இரவில் உதைபந்தாட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. அப்படியிருந்தும் அவர்கள் முதல் தடவையாக ஆசியக் கிண்ணத்தில் ஆடியது 2019இல். நல்ல தொடக்கத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஒன்பது வருடம்.

நமக்கும் ஒரு 2010 இருந்தது, அதற்கும் முன்பே. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவை 1-0 என்று வென்று கிண்ணம் எடுத்தோம். தெற்காசியாவின் சம்பியன்! இன்றைய இளசுகளிடம் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். அவர்கள் பிழையில்லை. மறு வருடம் மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அர்ஜுன ரணதுங்கவின் அணி உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. அதன்பின் இந்த நாட்டில் பந்து என்றால் கிரிக்கெட் பந்து. விளம்பரமும் காசும் பிள்ளைகளின் கனவும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கிரிக்கெட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. 1996 வெற்றியை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1995 வெற்றியை நாம் அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். முப்பது வருடம் ஓடிவிட்டது.

இப்போது நமது மலைக்கு வருவோம். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் ஏறி வந்து ரயில் பாதை முடிகிற ஊர் பதுளை. தேசிய அணித் தேர்வும் அநேகமாக இங்கே வருவதற்குள் முடிந்துவிடுகிறது. நகரில் வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை, கொஸ்லந்தை என்று தோட்டப் பக்கம் போனால் கதை வேறு. பிள்ளைகளிடம் கால் இருக்கிறது. சரிவில் ஏறி இறங்கிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு மூச்சும் இருக்கிறது. இல்லாதது சமதரை.

தோட்டங்களில் கரப்பந்தாட்டம் ஏன் இவ்வளவு ஊன்றியது என்று யோசித்திருக்கிறீர்களா? அது தேசிய விளையாட்டு என்பதால் மட்டுமல்ல. கரப்பந்துக்கு 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் போதும். லயத்துக்குப் பக்கத்தில் இளைஞர்கள் நாலு நாள் மண்வெட்டி பிடித்தால் மலையைக் கொஞ்சம் வெட்டி ஒரு ஆடுகளம் செய்துவிடலாம். முழு அளவு உதைபந்தாட்ட மைதானத்துக்கு 105 மீற்றருக்கு 68 மீற்றர் வேண்டும். அப்படி ஒரு சமதரை மலையில் கிடைத்தால் அதில் தேயிலை இருக்கும், அல்லது தொழிற்சாலை இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் அங்கே வீடு கட்டத்தான் வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களையும் ஆட்களையும் மூடிய பிறகு, பாதுகாப்பான தரையில் முதலில் வீடா மைதானமா என்று யாராவது கேட்டால், வீடு என்றுதான் நானும் சொல்வேன். அதனால் நம்மவர்கள் ஐந்து பேர், ஏழு பேர் என்று அணி பிரித்து, கிடைத்த துண்டு நிலத்தில் ஆடுகிறார்கள். பந்து ஓரத்தைத் தாண்டினால் தேயிலைக்குள் உருண்டு கீழ் மலைக்குப் போய்விடும். எடுத்துவரப் போனவன் திரும்பும்வரை ஆட்டத்துக்கு இடைவேளை.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கும் இளைஞனிடம், இலங்கை அணி வென்றதில் அவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். "அண்ணே, வர்ற பிள்ளைங்க எண்ணிக்கை கூடியிருக்கு. ஆனா பந்து அதே ரெண்டுதான்," என்றான். 2025இல் நாளொன்றுக்கு 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கிய வீட்டில் ஒரு சோடி பூட்ஸ் என்பது பல நாள் பேர். மெஸ்ஸி பெயர் போட்ட சட்டை மலிவு விலையில் கிடைக்கிறது, பூட்ஸ் கிடைப்பதில்லை.

ரசிகர்கள் எல்லோரும் "ஒக்டோபர் வரட்டும், அவசரப்படாதே" என்கிறார்கள். ஆட்டத்தின் முடிவைப் பற்றியதென்றால் அது நல்ல புத்தி. துர்க்மெனிஸ்தானை வெல்வோமா என்று எனக்கும் தெரியாது. வென்றாலும் முதலிடம் வருவது கடினம் என்பது என் கணக்கு. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கும் ஒக்டோபர் வரை பொறுப்பது பெரிய பிழை. இது நமக்குத் தெரிந்த பாடம்தான். சம்பள உயர்வோ, வீட்டுக் காணியோ, தேர்தலுக்கு முன்னால் கேட்டபோது ஐயாமார் லயத்து வாசல்வரை வந்து காது கொடுத்தார்கள். தேர்தல் முடிந்தபின் கேட்டபோது கொழும்பில் கூட்டம் என்றார்கள்.

சம்மேளனத்துக்கும் விளையாட்டமைச்சுக்கும் இது தேர்தலுக்கு முந்திய காலம் மாதிரி. இலங்கை உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பத்திரிகை நல்லதாக எழுதுகிற நாட்கள் அடிக்கடி வருவதில்லை. இந்த நாட்களில் கேட்போம். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்கான தெரிவு முகாம் ஒன்றைப் பதுளையிலேயே வையுங்கள், தோட்டப் பாடசாலைகளுக்கும் அறிவித்தல் தமிழில் வரட்டும். முழு மைதானம் கொடுக்க நிலமில்லை என்றால் ஏழு பேர் ஆடும் அளவுக்கு, தோட்டக் கம்பனிகளோடு பேசி, கொத்தணிக்கு ஒன்றாகத் தரை ஒதுக்குங்கள். ஐரோப்பாவிலும் சிறுவர்கள் சின்ன மைதானத்தில்தான் தொடங்குகிறார்கள். கோலை அளந்து நட்டு, பயிற்றுநர் ஒருவருக்குச் சான்றிதழ்ப் பயிற்சி கொடுத்து, பத்துப் பந்து அனுப்புங்கள். ஒரு தேசிய அணியை விமானத்தில் ஒரு தடவை அனுப்பும் செலவில் இதில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை நமது மலைகளில் வறண்ட காற்று வீசும், ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை வரும் பருவம். துரைமாரும் அந்த மூன்று மாதம் சிரித்த முகமாக இருப்பார்கள். மனுக்களோடு போக இதைவிட நல்ல நேரம் இல்லை. வாலிபர் கழகங்கள் எழுதிக் கையெழுத்துச் சேர்க்கட்டும். பாடசாலை அதிபர்மார் மாகாண விளையாட்டுத் திணைக்களத்துக்குப் பிரதி அனுப்பட்டும். ஒக்டோபரில் துர்க்மெனிஸ்தான் நம்மை வென்றுவிட்டால் நாம் அணியைத் திட்டப்போகிறோம், அடுத்த நாள் மறந்தும் விடுவோம். தோற்ற அணியிடம் யாரும் போய் மைதானம் கேட்பதில்லை. கேட்பதென்றால், மூன்று புள்ளி கையில் இருக்கிற இந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.