சொட்டுவது ஓரிடம், கசிவது வேறிடம்

பின்பக்கக் குளியலறை அம்மாவுடையது. நான் அதற்குள் போவது அபூர்வம். போன வாரம் பல்பு மாற்றப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். ஷவரின் கழுத்தில் பழைய வேட்டிக் கிழிசல் ஒன்றைக் கட்டி, அதன் நுனியைக் கீழே வைத்த பக்கெட்டுக்குள் விட்டிருந்தார் அம்மா. ஷவரிலிருந்து வடியும் தண்ணீர் துணி வழியாகச் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளாம்மா இப்படி?”

“பதினஞ்சு நாள் இருக்கும். ராத்திரி பூரா டொக்கு டொக்குன்னு கேட்டுது. தூக்கம் வரல. அதான் துணியைக் கட்டினேன். தண்ணி வீணாப் போகலடா, காலைல செடிக்கு ஊத்திடறேன்.”

அந்த ஷவரே புதுசு. ஒரு மாதம் முன்பு சொட்டுகிறது என்று ஆள் கூப்பிட்டோம். வந்தவர் அண்ணாந்து பார்த்தார். துளைகளில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. “இது போயிடுச்சு” என்று சொல்லிப் புது ஷவரை மாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் மறுபடி சொட்டத் தொடங்கியிருக்கிறது. இன்னொரு தடவை என்னிடம் சொல்ல அம்மாவுக்குத் தயக்கம்.

ஷவருக்குள் தண்ணீரை நிறுத்தும் பாகம் எதுவும் கிடையாது. அது ஒரு சல்லடை. தண்ணீரை நிறுத்துவதும் விடுவதும் கீழே சுவரில் இருக்கும் குமிழ்களின் வேலை. உப்பு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கோணல்மாணலாகப் பீய்ச்சும். ஷவரைக் கழற்றி ஒரு ராத்திரி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறப்போட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குப் புது ஷவர் தேவையில்லை. விடாமல் சொட்டுகிறதா, அதற்கும் தேவையில்லை. நோய் வேறிடத்தில்.

இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குளித்துவிட்டுக் குழாயை மூடிய பிறகு பத்து நிமிடம், கால் மணி நேரம் சொட்டினால் அது கோளாறே இல்லை. ஷவருக்குள்ளும் அதைத் தாங்கும் வளைந்த பைப்பிலும் தண்ணீர் தங்கிவிடும். துளைகள் மிகச் சிறியவை என்பதால் நீரின் பரப்பு இழுவிசை அதை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். எங்கோ ஒரு துளை வழியாகக் காற்று புகுந்ததும் சளசளவென்று கொட்டி நிற்கும். பலர் இதைக் கண்டே பதறிப்போய் ஆளைக் கூப்பிடுகிறார்கள். யாரும் குளிக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் சொட்டினால்தான் கசிவு.

விட்டுப் பார்த்தேன். இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு. துணியை அவிழ்த்துவிட்டு எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். 200 மில்லி பிடிக்கும் டம்ளர் ஒரு மணி நேரத்தில் நிரம்பியது. நாளைக்கு 4.8 லிட்டர், மாதத்துக்கு 144 லிட்டர். 12 லிட்டர் குடத்தில் 12 குடம்.

குடத்தில் கணக்குப் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் இருப்பது மடிப்பாக்கம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தன. அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எங்கள் போர்வெல் அதற்கு முன்பே காற்றை இறைக்கத் தொடங்கியிருந்தது. தண்ணீர் லாரி வரும் நாளில் அம்மா நான்கு குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கோடையில் குடம் தூக்கிப் போன மூட்டு இன்றைக்கும் அவருக்குத் திரும்பவில்லை. அப்படிப்பட்டவர் வீட்டில் மாதம் 12 குடம் சொட்டிக்கொண்டிருப்பதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

எங்கள் குளியலறையில் இருப்பது வால் மிக்ஸர். இடது குமிழ் வெந்நீருக்கு, வலது குமிழ் பச்சைத் தண்ணீருக்கு. நடுவில் உள்ளது, தண்ணீர் ஷவருக்குப் போக வேண்டுமா கீழ்க்குழாய்க்கு வர வேண்டுமா என்று பிரித்துவிடும் குமிழ். அதை முதலில் கீழ்க்குழாய் பக்கம் திருப்பினேன். சற்று நேரத்தில் ஷவர் நின்றது, கீழ்க்குழாய் சொட்ட ஆரம்பித்தது. இரண்டு குமிழ்களில் ஒன்று மூடாமல் கசிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எந்தக் குமிழ்? சொட்டைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அதை நம்பியிருந்தால் தவறான பக்கத்தைக் கழற்றியிருப்பேன். இவ்வளவு மெதுவாகக் கசியும் வெந்நீர், சுவருக்குள் ஓடும் பைப்பிலேயே ஆறிவிடும். ஆகவே கீசரின் சுவிட்சை அணைத்துவிட்டு, அதற்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை மூடினேன். அரை மணி நேரத்தில் சொட்டு நின்றது. திறந்தேன், மறுபடி சொட்டியது. வெந்நீர்ப் பக்கம்தான். யோசித்தால் அதில் வியப்பில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. கீசருக்குள் சூடாகும்போது அந்த உப்பு ஏடு ஏடாகப் படிந்து, உதிர்ந்து, வெந்நீரோடு வந்து குமிழுக்குள் சிக்கிக்கொள்கிறது.

கழற்றுவதற்கு முன் ஒரு ராத்திரி முழுக்கக் கீசரை அணைத்தே வைத்தேன். ஆங்கிள் வால்வை மூடியிருந்தாலும், குமிழைக் கழற்றியதும் மேலே இருக்கும் கீசரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் இறங்கக்கூடும். அது கொதிக்கிற தண்ணீராக இருக்கக் கூடாது. காலையில் மொட்டை மாடிக்குப் போய் எங்கள் லைனின் கேட் வால்வையும் மூடினேன். தொட்டியிலிருந்து ஏழு பைப்புகள் இறங்குகின்றன, ஒன்றிலும் எழுத்தில்லை. ஒவ்வொன்றாக மூடி, கீழிருந்து அம்மா குரல் கொடுக்க, கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அன்றைக்கே பெயிண்டால் ஏழுக்கும் வீட்டு எண் எழுதிவிட்டேன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பைப் உடைந்த பிறகு தேடாமல் இந்த ஒரு வேலையை இப்போதே செய்து வைக்கலாம்.

குமிழின் நெற்றியில் இருக்கும் சிவப்புப் பொட்டைக் கத்தி முனையால் நெம்பினால் உள்ளே ஒரு ஸ்குரூ. அதைக் கழற்றினால் குமிழ் கையோடு வரும். உள்ளே இருப்பது ஸ்பிண்டில். பளபளப்பு போகாமல் துணி சுற்றி, ஸ்பேனரால் இடப்பக்கம் திருகினேன். முதலில் முரண்டு பிடித்தது, பிறகு கரகரவென்று வந்துவிட்டது.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். விரல் நீளப் பித்தளை. அதன் அடியில், ஒன்றின் மேல் ஒன்றாக, சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு பீங்கான் வில்லைகள். இரண்டிலும் துளை உண்டு. துளைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் ஓடும், விலகினால் நிற்கும். நடுவே ரப்பர்கூட இல்லை. இரண்டு வில்லைகளும் கண்ணாடிபோல் வழவழப்பாக ஒட்டியிருப்பதால் மட்டுமே தண்ணீர் நிற்கிறது. மேல் வில்லையை நகத்தால் வருடினேன். முடி போல ஒரு கீறல் தட்டியது. ஓரத்தில் வெள்ளையாக ஓர் உப்புத் துகள். மாதம் 12 குடம் போன வழி அதுதான்.

இதைப் பார்த்ததும் அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. சொட்டுகிறதே என்று தினமும் துணியைச் சுற்றிப் பல்லைக் கடித்துக் குமிழை இறுக்கியிருக்கிறார். பழைய காலக் குழாயில் ரப்பர் வாஷர் இருக்கும், அழுத்தினால் கொஞ்ச நாளைக்காவது நிற்கும். பீங்கான் வில்லை அரைச் சுற்றோடு மூடிவிடும். அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, உள்ளே தடுப்பு உடையும், மணிக்கட்டு நோகும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் யாராவது இதைச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை.

பழைய ஸ்பிண்டிலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதன் தலையிலிருந்த பற்களை எண்ணினார். “ஹாட்டா, கோல்டா சார்?” என்றார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். “இல்ல சார், இது இடம் திரும்பித் திறக்கும், அது வலம். மாத்திப் போட்டா குமிழு தலைகீழாத் திரும்பும்” என்று இரண்டையும் திருகிக் காட்டினார். பழையதைக் கொண்டுபோகாமல் வெறும் வாயால் கேட்டிருந்தால் இரண்டு மூன்று தடவையாவது நடந்திருப்பேன். 180 ரூபாய்.

மாட்டுவதற்கு முன், பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வை ஒரு நொடி திறந்து மூடும்படி அம்மாவிடம் சொன்னேன். பைப்பில் நின்ற தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் உப்புத் துகள் வெளியே வந்து விழுந்தது. அது உள்ளே இருந்திருந்தால் புது வில்லையையும் கீறியிருக்கும். இந்த இடத்தில் டெஃப்ளான் டேப் சுற்றவில்லை. ஸ்பிண்டிலின் ரப்பர் வளையமே போதும். கையால் முட்டும் வரை திருகி, ஸ்பேனரால் கால் சுற்று. ஆங்கிள் வால்வைத் திறந்துவிட்டு, மாடிக்குப் போய்க் கேட் வால்வையும் திறந்தேன்.

குமிழை அம்மாவையே மூடச் சொன்னேன். இரண்டு விரலால் திருப்பினார். மூடிக்கொண்டது. நம்பாமல் மறுபடி திறந்து மூடினார்.

“பக்கெட் இருக்கட்டும். ராத்திரி போகட்டும், காலைல பாத்துட்டு எடுத்துக்கறேன்” என்றார்.

காலையில் நான் எழுந்தபோது பக்கெட் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வேட்டிக் கிழிசல் துவைத்து, பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.