கோடு மாறலாம், காரணம் மறைதல் ஆகாது

சிங்கப்பூரின் ஜாலான் புசார் குழுத்தொகுதி 2011ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் கலைக்கப்பட்டது. 2015இல் மீண்டும் உருவாக்கப்பட்டது. இந்த மாற்றங்களால் வாக்காளர் பட்ட அலைச்சலைக் கிரேத்தா ஆயர்–கிம் செங் வட்டாரத்தில் காணலாம். அங்கே ஒரே அடுக்ககத்தில், வீடு மாறாமல் வாழ்ந்த ஒருவர் 2006இல் ஜாலான் புசாரின் வாக்காளர். 2011இல் தஞ்சோங் பகாரின் வாக்காளர். 2015இல் மறுபடியும் ஜாலான் புசாரின் வாக்காளர். 2011இல் போட்டியின்றி முடிந்த ஒரே தொகுதி தஞ்சோங் பகார். எதிரணியினர் வேட்புமனுவைக் குறித்த நேரத்தில் அளிக்கத் தவறினர். அது எல்லை வகுத்தோரின் குற்றமன்று. ஆயினும் நாடே வாக்களித்த அந்நாளில் அவருக்கு வாக்கில்லை. முந்திய தேர்தலில் அவரோடு ஒரே தொகுதியில் இருந்த வாம்போ மக்கள், தனித்தொகுதியினராகி வாக்களித்தனர். நான்காண்டு கழித்து அவர்களும் ஜாலான் புசாருக்கே திரும்பினர்.

எல்லைகள் என்றும் மாறாதிருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. செங்காங், பொங்கோல், தெங்கா எனப் புதுநகர்கள் எழ, வாக்காளர் தொகை இடத்துக்கு இடம் ஏறி இறங்குகிறது. வாக்கின் மதிப்பு சமமாக நிற்க, கோடுகள் நகர்ந்தே தீர வேண்டும். நாம் கேட்பது காரணம். பிரிக்கப்பட்ட வாம்போ ஏன் ஒரே தேர்தலுக்குப் பின் திரும்பச் சேர்க்கப்பட்டது? மக்கள்தொகை மாற்றம் என்ற பொதுவிளக்கம் இக்கேள்விக்குப் போதாது.

எல்லை மறுஆய்வுக் குழுவைப் பிரதமர் அமைக்கிறார். பிரதமரின் செயலாளர் தலைமையில் மூத்த அரசு அதிகாரிகள் அதில் அமர்கின்றனர். அவர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் அக்குழுவுக்கெனத் தனிச் சட்டம் இல்லை. முன்வரைவு வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கும் கடமையும் இல்லை. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைச் சட்டமோ, வரைவையும் இணை உறுப்பினர்களின் மாற்றுக்கருத்தையும் வெளியிட்டுப் பொது அமர்வுகளில் மக்களைக் கேட்குமாறு பணிக்கிறது. அங்கும் பூசல்கள் உண்டு. எனினும் ஓர் ஊர் எத்தொகுதியில் சேரும் என்பதை அவ்வூரார் முன்னரே அறிந்து ஆட்சேபிக்க முடிகிறது.

2024 ஆகஸ்டில் சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சி எல்லை வகுக்கும் முறைகுறித்து நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தது, அது ஏற்கப்படவில்லை. கட்சிகளின் பேரம் எல்லைப் பணியில் நுழையலாகாது என்ற, அதை மறுத்தோரின் கவலையை நாம் மதிக்கிறோம். ஆனால் காரணங்களை எழுதி வெளியிடுவதால் பேரம் நுழையாது. மறைவில்தான் ஐயம் வளரும்.

கால இடைவெளியும் நீள வேண்டும். 2001இல் அக்டோபர் 17 அன்று அறிக்கை வந்தது. நவம்பர் 3 அன்று வாக்களிப்பு. 2015இல் ஏழு வாரம் கிடைத்தது. 2025இல் மார்ச் 11 அன்று அறிக்கை வந்தது. மே 3 அன்று வாக்களிப்பு. நிலைமை மேம்பட்டிருக்கிறது, ஆனால் தொகுதி மாறியவர் புதிய வேட்பாளர்களை அறிய ஐம்பது நாளளவு போதாது. அறிக்கைக்கும் வாக்களிப்புக்கும் இடையே ஆறு மாதமேனும் இருக்க வேண்டும் என நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தில் எழுதுக. அடுத்த தேர்தல் இன்னும் நெருங்காத இவ்வேளையே அதற்குத் தக்கது.