வாடகை வீட்டில் எலுமிச்சை மரமா?

ஆந்திராவில் உள்ள கூடூர், எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். அங்கே பறித்த பழங்கள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறுகின்றன. ஜி.என்.டி. சாலை வழியாகச் சென்னைக்கு வருகின்றன. அந்தச் சாலையில் இருக்கும் ஊர்தான் சோழவரம்.

லாரி லாரியாக எலுமிச்சை ஊரைக் கடந்து போகிறது. சோழவரத்துப் பெண்களோ, கடையில் ஒரு பழத்துக்கு விலை பேசிக்கொண்டு நிற்கிறார்கள்! 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு பழம் 10 ரூபாய்க்கு மேலே போயிற்று. ஊறுகாய் போட நினைத்தவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள்.

"வீட்டிலேயே ஒரு மரம் இருந்தால்?" என்று அப்போது பலருக்கும் தோன்றியது. தோன்றி என்ன செய்ய? தரை வேண்டாமா?

சோழவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் பலர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வாசல் சிமெண்டு. கொல்லை கிடையாது. மொட்டை மாடி உண்டு. அதுவும் வீட்டுக்காரருடையது.

இவர்களுக்குத் தொட்டி எலுமிச்சைதான் சரி. தரையில் நட்ட மரம் வீட்டுக்காரருக்குப் போய்விடும். தொட்டியில் வைத்த மரம் வைத்தவர்களோடு வரும்.

தொட்டியில் மரம் வளர்ப்பது புதுமை அல்ல. பிரான்சு நாட்டு மன்னர் 14-ம் லூயி, வெர்சேல்ஸ் அரண்மனையில் ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பெரிய மரப் பெட்டிகளில் வளர்த்தார். பனிக்காலம் வந்தால் பெட்டியோடு மண்டபத்துக்குள் கொண்டு போவார்கள். அவருக்குப் பனி பயம். சோழவரத்துக் குடித்தனக்காரருக்கு வீட்டுக்காரர் பயம்!

முள் உள்ள மரம் வீட்டுக்கு ஆகாது என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அதே எலுமிச்சையைத்தான் லாரியின் முகப்பில் மிளகாயோடு கட்டித் தொங்க விடுகிறார்கள். வண்டிக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாதா?

"குட்டை எலுமிச்சை" மோசம்

சாலை ஓரத்து நர்சரியில் சின்னச் செடி இருக்கும். அதில் நாலைந்து பழம் தொங்கும். "இது குட்டை ரகம் அம்மா, இவ்வளவுதான் வளரும்" என்பார் விற்பவர். நம்பி வாங்கி வந்தால் பத்து நாளில் பழம் உதிரும், இலையும் உதிரும்.

காரணம் இதுதான். காய்த்த கிளையில் பதியம் போட்டு எடுத்த கன்று, சின்னதாக இருக்கும்போதே காய்க்கும். வேர் பிடிக்கும் முன்பே காயைச் சுமந்தால் செடி தாங்குமா? வாங்கிய உடனே காயைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராதுதான். ஆனாலும் கிள்ளத்தான் வேண்டும்.

பிறவியிலேயே அதிகம் உயராத ரகங்களும் உண்டு. 1908-ம் ஆண்டில் பிராங்க் மேயர் என்பவர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டு போன மேயர் எலுமிச்சை அப்படிப்பட்டது. நம் ஊர் எலுமிச்சை வேறு. தரையில் விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும். தொட்டியில் வேர் அடங்கி இருப்பதாலும், கிளையை வெட்டிவிடுவதாலும்தான் அது குட்டையாக நிற்கிறது. ஆகவே "குட்டை" என்ற பேருக்காக அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 ரகத்தின் பதியன் கன்று கிடைத்தால் போதும். விதைக் கன்று என்றால் காய்க்க நாலைந்து ஆண்டு ஆகும். அதற்குள் வீடு மாறிவிடும்!

ஒன்றரை அடி அகலத் தொட்டி வேண்டும். பழைய பெயிண்ட் டிரம்மும் ஆகும். அடியில் ஓட்டை அவசியம். செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் கலந்து போடலாம். வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது பட வேண்டும். மேல் மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். தொட்டிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்கவிட்டால் டெங்கு கொசுவுக்கு அதுவே வீடு.

தளிரில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். அது எச்சம் அல்ல, புழு! எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. நாலே நாளில் செடியை மொட்டையாக்கும். கையால் எடுத்துப் போட்டால் போதும். மருந்து எதற்கு?

தண்ணீர் எங்கே?

"குடிக்கவே தண்ணீர் இல்லை, செடிக்கு வேறா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சென்னைக்குக் குடிநீர் தரும் சோழவரம் ஏரியே 2019 கோடையில் வறண்டு கிடந்தது. ஆனால் தொட்டிச் செடிக்குக் கோடையில் நாளைக்கு நாலைந்து லிட்டர் போதும். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்கு ஆகும்.

ஆகாதது உப்புத் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்து கிணறுகள் கெட்டுப்போயின. எலுமிச்சை உப்பைத் தாங்காது. இலை நுனி கருகும். குடிநீர் சுத்தம் செய்யும் மெஷினிலிருந்து வெளியே வரும் தண்ணீரைச் சிக்கனம் என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்! அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஈர மண்ணோடு ஒரு தொட்டி நூறு கிலோவை நெருங்கும். தளத்தின் நடுவில் வைத்தால் அவருக்குக் கவலை வராதா? கேட்டுவிட்டு வைக்க வேண்டும். சுவர் ஓரமாக, நாலு செங்கல் மேல் வைத்தால் தண்ணீரும் வடியும், தளமும் காயும். காய்த்ததும் முதல் பழம் நாலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பேச்சு அடங்கும்.

2013-ல் அரசாங்கம் சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்குப் பையும் விதையும் மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. காய்கறிக்குத்தான் அதில் முதல் இடம். கத்தரி ஒரு பருவத்தோடு சரி. எலுமிச்சை பல ஆண்டு நிற்கும். வாடகை வீட்டுக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல பதியன் கன்றும் சேர்த்துக் கொடுத்தால் செலவு அதிகமா ஆகிவிடும்?

வீடு மாறும் நாளில் கட்டில், பீரோவோடு தொட்டியும் குட்டி யானை வண்டியில் ஏறும். இரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். மண் காய்ந்தால் பாரம் குறையும். தூக்க மூன்று ஆள் போதும். முள் குத்தாமல் இருக்கக் கிளைகளைப் பழைய புடவையால் சுற்றிக் கட்டிவிடலாம்.