கேளாதவன் குற்றவாளியா?

தொடர்பாடல் ஆராய்ச்சி விருப்பு வெறுப்பற்ற விஞ்ஞானம் என்று நமக்குப் போதிக்கின்றனர். அஃது உண்மையா?

அமெரிக்க அறிஞர் எவறெற் றோஜேர்ஸ் 1962இல் ‘புத்தாக்கங்களின் பரவல்’ என்னும் நூலை வெளியிட்டார். புதுவிதை, புதுமுறை ஆகியவற்றை ஏற்போரை ஐந்து வகுப்பாக்கி, கடைசியில் ஏற்போருக்குப் ‘பின்தங்கியோர்’ என்று பெயர் சூட்டினார். சொல்பவன் கூற்றுச் சரி, தயங்குபவனிடமே குறை! இஃது ஆராய்ச்சியின் முடிபன்று. விசாரணைக்கு முன்னரே எழுதிவைத்த தீர்ப்பு. உழவன் தயங்கியது கடனாலா, நிலமின்மையாலா என்று கேட்க அந்தப் பெயரிலே இடமில்லை.

பழைய கொள்கையின் குறையை 1976இல் றோஜேர்ஸே ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில் பொலிவிய அறிஞர் லூயிஸ் றமிரோ பெல்ற்றான், இலத்தீன் அமெரிக்க ஆராய்ச்சி அந்நிய எடுகோள்களைச் சுமந்து நிற்பதைக் கண்டித்தார்.

நமக்கும் இந்நியாயம் புதிதன்று. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய பின், தமிழருக்குப் புரியாத மொழியிலே மடல் அனுப்பிவிட்டு, ‘அறிவித்துவிட்டோம்’ என்று ஆட்சியாளர் அமைந்ததும் இவ்வாறேயன்றோ?

எதிர்த்தரப்பைக் கேளாது வழங்கிய தீர்ப்பு நீதிமன்றிலே நில்லாது. ஆராய்ச்சி மன்றிலே மட்டும் நிற்கலாமா? தமிழ் மாணவர்களே! அளவுகோலைக் கையில் எடுக்குமுன், அதனைச் செய்தவன் யார் என்று கேளுங்கள்!